வலது மூலை மட்டும் ஏன் கிழிகிறது?

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்குக் காத்து நிற்கும்போது ஒன்று செய்து பாருங்கள். புறப்படத் தயாராகும் பேருந்தின் பின்னால் நின்று, இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே குனிந்து பாருங்கள். பெரிய பூசணிக்காய் போல ஓர் இரும்புக் குடம் தெரியும். ஓட்டுநர் கிளச்சை விடுகிற கணத்தில் அந்தக் குடம் லேசாக மூக்கைத் தூக்கும். இரு பக்கமும் அதைத் தாங்கும் வில் பட்டைகள் ஒரு நொடி நெளிந்து, பிறகு பழைய வடிவத்துக்கு வரும். வண்டி நகரும்.

அந்தக் குடத்துக்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் விசை கொடுத்துக்கொண்டே வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடுகிற பல்சக்கர ஏற்பாடு அது. அதைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் நிறையப் பேசிவிட்டன. அந்தக் குடத்தை வண்டியோடு கட்டி வைத்திருப்பது எது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நான் அதைத் தெரிந்துகொண்டது போன மழைக்காலத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்துப் பட்டறையில், நண்பர் ஒருவரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு அடியில் படுத்தபோது.

ஹெரால்டு நம் பக்கத்து வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் பெயரில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலாட்டி. 1961 முதல் பத்தாண்டுக் காலம் சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் அது உருவானது. இதே சட்டகத்தைக் குறுக்கி, இதே மிக்கெலாட்டியின் கோடுகளோடு, இதே டிஃபரன்ஷியலோடு 1962-இல் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். பந்தயக் காரின் பின்பாதியை வைத்துக்கொண்டுதான் நம் ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் மருத்துவமனைக்கும் கோர்ட்டுக்கும் போய்வந்தார்கள். சென்னை அருகே சோழவரம் விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் சீறியதில் வியப்பில்லை.

பேருந்தில் அச்சும் குடமும் ஒரே துண்டு. முழுதும் வில் பட்டைமேல் மிதக்கிறது. ஹெரால்டில் அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் சட்டகத்தோடு பிணைக்கப்பட்டு நிற்கும். அதன் இரு பக்கமும் சக்கர அச்சுகள் ஊஞ்சல்போலத் தனித்தனியாக ஏறி இறங்கும். இந்த ஊஞ்சல் அச்சு அக்காலத்தில் பலரைக் கவர்ந்தது. திருவனந்தபுரத்துக்காரர்கள் நன்கறிந்த, திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பல்லாண்டுகள் வைத்திருந்த அந்தப் பழைய மெர்சிடிஸ் 180 வரிசையிலும் ஊஞ்சல் அச்சுதான், 190 எஸ்.எல். என்ற ஸ்போர்ட்ஸ் கார் அதே குடும்பம்.

குடத்தைச் சட்டகத்தில் நேராகப் போல்ட் போட்டு இறுக்கினால் என்ன? பற்கள் உரசும் ஒலி முழுதும் உள்ளே வரும். ஹெரால்டில், எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனுக்கு 8 பல், அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலுக்கு 39 பல். மணிக்கு 80 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறை சுழலும். 39-ஆல் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 500 பல் மோதல்கள். நம் காது நன்றாகக் கேட்கும் 500 ஹெர்ட்ஸ் சுருதி அது. காரின் தகரக்கூடு முழுதும் தம்புரா மாதிரி அதை மீட்டிக்கொண்டே வரும். அதனால்தான் இடையில் ரப்பர் வைக்கிறார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இடங்களில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர். இதற்குத்தான் மவுண்ட் என்று பெயர். அதன்மேல் அமர்ந்த குடம் நொடிக்குச் சில பத்து தடவை மட்டுமே இயல்பாக ஆடக்கூடியது. 500 தடவை ஆட்டுவிக்கும் அதிர்வு ரப்பரிலேயே தேய்ந்துபோகிறது.

நண்பரின் வண்டி முதல் கியரில் புறப்படும்போது பின்னால் ஒரு சத்தம். பட்டறைக்காரர் மார்த்தாண்டத்துக்காரர். ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“அண்ணாச்சி, ரப்பரு போனா தும்முன்னு கேக்கும். இது டங்குன்னுல்லா கேக்கு. இரும்பு இரும்புல முட்டுகு.”

வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து உள்ளே போனோம். டிஃபரன்ஷியலின் மூக்குக்கு அடியில் கடப்பாரையை வைத்து மெல்ல நெம்பினார். இடதுபக்கம் கொஞ்சம் அசைந்து நின்றது. வலதுபக்கம் விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது. ரப்பர் தகட்டிலிருந்து முழுதாகப் பிரிந்திருந்தது. அதற்கு மேலே, சட்டகத்தில் பற்றவைத்த தாங்கியின் ஓரத்தில் மயிரிழை அளவில் ஒரு துருக்கோடு. இடது தாங்கியில் அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டும் ஒரே நாளில் பொருத்தப்பட்டவை. ஒரே ரப்பர், ஒரே வெயில், ஒரே மழை. பிறகு ஏன் வலது மட்டும்? இந்தக் கேள்வி பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பலரும் கேட்பது. 1965-இல் வந்த டிரையம்ஃப் டி.ஆர். 4ஏ, 1976 வரை ஓடிய டி.ஆர். 6 ஆகியவற்றில் டிஃபரன்ஷியலைத் தாங்கும் முன்வலதுத் தாங்கி விரிசல் விடுவது பேர்போன நோய். விடை நியூட்டனின் மூன்றாம் விதியில் இருக்கிறது.

பினியன் கிரௌன் வீலை முன்னால் தள்ளுகிறது. கிரௌன் வீல் அதே அளவு எதிர்த்துத் தள்ளுவதால், பினியன் அதன்மேல் ஏறப் பார்க்கிறது. ஆகவே குடத்தின் மூக்கு எழும்புகிறது. பேருந்தின் அடியில் நாம் பார்த்தது இதைத்தான். இது முதல் திமிறல். இரண்டாவது, எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டு சுழலும் திசையிலேயே குடத்தையும் புரட்டப் பார்ப்பது. வண்டிக்குப் பின்னால் நின்று முன்னோக்கிப் பார்த்தால் அந்தத் தண்டு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் குடத்தின் வலப்பக்கம் மேலே எழும், இடப்பக்கம் கீழே அமுங்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்களை முழுசாக்கிக்கொள்கிறேன். எஞ்சினின் முறுக்குவிசை 70 நியூட்டன்-மீட்டர் என்று வையுங்கள். முதல் கியர் அதை 4 மடங்காக்கினால் தண்டில் 280. டிஃபரன்ஷியல் மேலும் 4.9 மடங்காக்க, அச்சில் ஏறத்தாழ 1,370. முன் மவுண்டுகளுக்கும் பின் மவுண்டுகளுக்கும் 30 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், மூக்கை எழுப்பும் விசை 4,570 நியூட்டன். இரு முன் மவுண்டுகளும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 2,285. இனிப் புரட்டல். அதை முன் மவுண்டுகள் மட்டுமே தாங்குவதாகவும் அவற்றுக்கு இடையே 25 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், வலதில் 1,120 கூடும், இடதில் 1,120 குறையும். முடிவில் வலதுக்குக் கிட்டத்தட்ட 3,400 நியூட்டன், இடதுக்கு 1,165. கிலோவில் சொன்னால் வலது மூலையை 347 கிலோ இழுக்கிறது, இடதை 119 கிலோ.

ரிவர்ஸ் எடுத்தால் இடதுக்கு முறை வருமா? வராது. ரிவர்ஸில் மூக்கு கீழே குத்துகிறது; தண்டும் எதிராகச் சுழல்வதால் வலப்பக்கம் கீழே அமுங்குகிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு எஞ்சினால் பிரேக் பிடிக்கும்போதும் அதே கதை. முன்னே போனாலும் பின்னே வந்தாலும் இரண்டு திமிறல்களும் வலது மூலையில் கூடுகின்றன, இடது மூலையில் கழிகின்றன. பற்றவைத்த மூட்டுகளின் ஆயுளுக்குப் பொறியாளர்கள் கையாளும் பொதுக்கணக்கில், சுமை மாற்றத்தின் மும்மடிக்கு எதிர்விகிதமாக ஆயுள் குறையும். மூன்று மடங்கு இழுபடும் மூலைக்கு ஆயுள் 27-இல் ஒரு பங்கு. நான் படுத்துக்கொண்டு பார்த்த அந்தத் துருக்கோடு இந்த எண்ணின் கையெழுத்துதான்.

இத்தனையோடு ஹெரால்டுக்குத் தனிச்சுமை ஒன்றும் உண்டு. பின்பக்கக் குறுக்கு வில் பட்டை டிஃபரன்ஷியலின் தலைமேலேயே போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. வண்டியின் பின்னெடை சக்கரத்துக்கு இறங்கும் வழியே இந்த மவுண்டுகள் வழியாகத்தான். நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கும் வாங்குபவர்களுக்கும் ஊஞ்சல் அச்சு பிடிபடவில்லை என்பதால் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் அதைக் கைவிட்டு, பேருந்தில் இருப்பது போன்ற முழு அச்சுக்கே போய்விட்டார்கள்.

சரி, ரப்பர் எப்படிச் சாகிறது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தம்பானூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். இங்கிருந்து தென்கிழக்கே ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல் போனால் குலசேகரம் பக்கத்து மலைச்சரிவுகளில் விடியலுக்கு முன்பே பால்வெட்டு நடக்கும். சிரட்டையில் வெள்ளையாய் ஒழுகும் அந்தப் பால்தான் மவுண்டின் பூர்வாசிரமம். மரப்பாலில் இருப்பது நீளமான சங்கிலி மூலக்கூறுகள். உறைந்த பாலை அப்படியே விட்டால் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கியபோது சங்கிலிகளுக்குக் குறுக்கே கந்தகப் பாலங்கள் விழுந்தன. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும் பொருளானது அப்போதுதான்.

இயற்கை ரப்பருக்கு ஓர் அபூர்வ குணம் இருக்கிறது. நன்றாக இழுக்கும்போது அதன் சங்கிலிகள் அணிவகுத்துப் படிகமாகிவிடுகின்றன. விரிசலின் முனையில்தான் இழுவிசை மிக அதிகம். ஆகவே படிகம் சரியாக அங்கேயே உருவாகி விரிசலுக்கு எதிரே சுவர் எழுப்புகிறது. செயற்கை ரப்பர்கள் பலவற்றுக்கு இந்த வரம் இல்லை. ஆனால் இழுப்பு பூஜ்யத்துக்குத் திரும்பினால் படிகம் கரைந்துவிடும், சுவரும் போய்விடும். 1940-இல் அமெரிக்காவில் கேட்வெல் குழுவினர் இதைச் சோதனையில் காட்டினார்கள்: ரப்பரை எப்போதும் சிறிது இறுக்கத்தில் வைத்து ஆட்டினால் பல மடங்கு காலம் உழைக்கிறது, பூஜ்யத்தைத் தொட்டு இருபுறமும் ஆட்டினால் சீக்கிரம் கிழிகிறது. நம் வலது மூலை முன்னே போகையில் மேலே, பின்னே வருகையில் கீழே என்று பூஜ்யத்தைக் கடந்து கடந்து ஆடுகிறது. மவுண்ட் நட்டு ஒரு சுற்றுத் தளர்ந்துவிட்டாலும் ரப்பர் தன் ஆரம்ப இறுக்கத்தை இழந்து இதே கதிக்கு வரும். மவுண்ட் நட்டின் இறுக்கத்தை ஆண்டுக்கொரு முறை பாருங்கள் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதை நான் சடங்கு என்று எண்ணியிருந்தேன். அது ரப்பரின் படிகத்தைக் காக்கும் வேலை.

மற்ற எதிரிகளும் உண்டு. காற்றில் பத்துக் கோடிக்குச் சில பங்கு மட்டுமே இருக்கும் ஓசோன், இழுபட்ட ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தேடி வெட்டும்; இழுப்புக்குக் குறுக்கே நுண்கீறல்கள் விழும். அமுங்கிய ரப்பரை அது கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. பினியன் சீல் கசிந்து சொட்டும் கியர் ஆயிலை இயற்கை ரப்பர் குடித்து ஊதிப்போகும். கைக்குக் கொழகொழவென்று வந்தால் அது ஆயில். மேலே வறண்ட வெடிப்பு தெரிந்தால் ஓசோன். ரப்பர் நல்ல நிலையில் இருந்து, இரும்பிலிருந்து மட்டும் சுத்தமாகக் கழன்றிருந்தால், ஒட்டு போயிருக்கிறது. திருவனந்தபுரத்தில் கடல்காற்றும் இருபருவ மழையும் சேர்ந்து, தகட்டின் ஓரத்தில் தொடங்கும் துரு ரப்பருக்கு அடியில் மெல்ல ஊர்ந்து ஒட்டைத் தூக்கிவிடும். எங்களுக்குக் கிடைத்த பிணம் இந்த வகை.

ரப்பரையும் இரும்பையும் ஒட்டுவது ஒரு தனிக்கலை. முன்பு இரும்புக்குப் பித்தளை முலாம் பூசி அதன்மேல் ரப்பரை வேகவைப்பார்கள். ரப்பரின் கந்தகமும் பித்தளையின் செம்பும் சேர்ந்து உருவாகும் செம்பு சல்ஃபைடு படலம் இரண்டையும் பிணைக்கும். இத்தனைக்கும் செம்பு இயற்கை ரப்பருக்கு நஞ்சு. அளவு மீறினால் அதை விரைவாகச் சிதைக்கும். இப்போது இரும்பை மணலடித்து, எண்ணெய்ப் பசை போக்கி, இரண்டு பூச்சு ஒட்டும் திரவம் தடவி, அச்சில் வைத்து ஏறத்தாழ 150 டிகிரியில் ரப்பரோடு அழுத்துகிறார்கள். அச்சுக்குள்ளேயே ரப்பர் வேகும், ஒட்டும் வேகும். வெந்து முடிந்த ரப்பரைப் பசை போட்டு ஒட்டுவதில் அந்த உறுதி வராது. நண்பர் ஏற்கெனவே ஒருமுறை எங்கோ அப்படி ஒட்டிவாங்கினார், 2 மாதத்தில் அது பிய்ந்துவிட்டது.

இந்த இணைப்பின் உச்சநிலையைக் காண வெகுதூரம் போகவேண்டாம். தம்பானூரிலிருந்து சில மைல் தொலைவில் தும்பா ராக்கெட் மையம். நம் எல்.வி.எம்.3 ராக்கெட்டின் பக்கவாட்டில் நிற்கும் எஸ்200 திடஎரிபொருள் மோட்டார்களின் வாயு வெளியேறும் கூம்புக்குழல்கள் திசை திருப்பத்துக்காக அசைய வேண்டும். அந்த அசைவைத் தருவது ரப்பரும் விறைப்பான வளையத் தகடுகளும் மாறி மாறி அடுக்கி ஒட்டப்பட்ட ஒரு மூட்டு. ரப்பரின் கன அளவு அழுத்தினால் கிட்டத்தட்டக் குறையாது. அது பக்கவாட்டில் பிதுங்கத்தான் பார்க்கும். மெல்லிய படலமாகத் தகடுகளுக்கு நடுவே ஒட்டிவிட்டால் பிதுங்க வழியில்லை. அழுத்தத்துக்குப் பாறைபோல நிற்கும், பக்கவாட்டு நழுவலுக்கு மட்டும் இளகும். சந்திரயானைச் சுமந்த ராக்கெட்டும் சந்துப் பட்டறையின் ஹெரால்டும் இந்த ஒரே குணத்தில்தான் நிற்கின்றன. எனக்கு இது அந்த மழைநாளில் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது.

மறுசீரமைப்பில் நண்பருக்கு ஓர் ஆசை வந்தது. ரப்பரே வேண்டாம், பாலியூரித்தேன் போடலாம், அல்லது அலுமினியத்தில் கடைந்து போட்டுவிடலாம், ஆயுளுக்கும் கவலையில்லை என்றார். இதில் என் கருத்து உறுதியானது. பந்தயத்தளத்துக்கு மட்டும் போகிற வண்டிக்கு அது சரி. சத்தத்தை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. தெருவில் ஓடும் வண்டிக்குத் தவறு. கிளச்சைச் சட்டென்று விடும்போது எழும் அதிர்ச்சியைச் சில மில்லிமீட்டர் நழுவி, நேரத்தை நீட்டி, உச்சத்தைத் தணிப்பது ரப்பர். அதை எடுத்துவிட்டால் அந்த உச்சம் முழுதும் 50, 60 ஆண்டு கண்ட மெல்லிய தகட்டுத் தாங்கியில் இறங்கும். தேய்ந்த ரப்பரை மாற்றும் வேலை, கிழிந்த சட்டகத்தை ஒட்டும் வேலையாக மாறும். எங்களுக்கு ஏற்கெனவே இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன.

பட்டறைக்காரர் தாங்கியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டார். துணியால் துடைத்து, சாக்கட்டியைப் பொடித்துத் தூவினார். வெள்ளைமேல் மெல்ல ஓர் ஈரக்கோடு ஊறி எழுந்தது. கண்ணுக்குத் தெரிந்த துருக்கோட்டைவிட இரண்டு விரற்கடை நீளம் அதிகம். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே வந்து தன் எல்லையைக் காட்டும் இந்த முறையை இரயில்வே பட்டறைகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கையாண்டு வந்தன. அந்த ஈரக்கோடு முடியும் இடத்தில் சிறிய துளை போட்டார். விரிசலின் முனை ஊசிபோலக் கூர்மை. அங்கே குவியும் விசை உருண்டைத் துளையைச் சுற்றிப் பரவிவிடும், மேலும் ஓடாது. பிறகு எண்ணெயின் தடமே இல்லாமல் துடைத்து, விரிசல் நெடுக வி வடிவில் குடைந்து, பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்துவைத்துவிட்டுத்தான் பற்றவைத்தார். டேங்க் எடுக்காமல் வேலை செய்வதற்கு அவர் எந்த விலைக்கும் சம்மதிக்கவில்லை.

பற்றவைத்ததோடு நிறுத்தியிருந்தால் அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி வெடித்திருக்கும். தாங்கியின் திறந்த பக்கத்தை 3 மில்லிமீட்டர் தகட்டால் மூடிப் பெட்டியாக்கினார். திறந்த தகடு முறுக்குக்கு எளிதில் நெளியும். மூடிய பெட்டி நெளியாது. தீப்பெட்டியின் உட்பெட்டியை மட்டும் கையில் முறுக்கிப் பார்த்துவிட்டு, உறையோடு சேர்த்து முறுக்கிப் பாருங்கள். இடதுபக்கமும் அப்படியே செய்தார். ஒரு பக்கம் மட்டும் விறைத்தால் சுமை அங்கே ஓடும் என்றார்.

மவுண்டுகள் நான்கையும் புதிதாக வேகவைத்து வாங்கினோம், பழையதன் மென்மையிலேயே. பினியன் சீலையும் மாற்றியாயிற்று. கழற்றிய இடது ரப்பரைக் குறுக்கே வெட்டிக் காட்டினார்: உள்ளே கருத்து, பளபளத்து, விரலால் அமுக்கினால் திரும்பி வந்தது.

கடைசியில் பின்பக்க நீள போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, ஜாக்கியை இறக்கினார். வண்டி தன் எடையைச் சக்கரங்களில் வைத்து, இரண்டு தடவை அமுங்கி எழுந்து நிலைகொண்டது. டிக்கியின் மேல் நண்பரை உட்காரச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னார். தூக்கிய நிலையில் முடுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொண்டு, இறக்கியதும் நாள்முழுதும் முறுக்கிலேயே கிடக்கும். பிறகு பாயை விரித்து உள்ளே போய், ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, வலதுபக்க நட்டிலிருந்து தொடங்கினார்.